நீலிங் சேரில் உட்காரலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால், பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றி இருக்கின்றன. முட்டி போட்டு உட்காருகிற மாதிரி ஒரு நாற்காலி விற்கிறார்களே, முதுகு வலிக்கு நல்லதாமே, வாங்கலாமா என்று. சேலத்தில் பிசியோதெரபி பார்க்க ஆரம்பித்து இருபத்து மூன்று வருடம் ஆகிறது. என் கிளினிக்கிலேயே அந்த நாற்காலி ஒன்று எட்டு வருடமாக இருக்கிறது. ஆகவே இந்த இதழை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். தோள்பட்டை இறுக்கம் பற்றி எழுதிய மூன்று பேருக்கும் அடுத்த மாதம் கட்டாயம் பதில் உண்டு.

"மேடம், எனக்கு 31 வயசு. பெங்களூரு கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன். டைனிங் டேபிள்தான் ஆபீஸ். காலை ஒன்பதரைக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் இரவு எட்டு ஆகிவிடும். நாலு மாசமாக இடுப்புக்கு மேலே இறுக்கி பெல்ட் கட்டினதுபோல ஒரு வலி. டாக்டர் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேவில் பயப்பட எதுவும் இல்லை என்றார். ஆன்லைனில் நீலிங் சேர் பார்த்தேன், எட்டாயிரம் போட்டிருக்கிறது. வாங்கினால் கூனல் நிமிருமா? பள்ளிக்கூடத்தில் சும்மா கிடைத்த தண்டனையைக் காசு கொடுத்து வாங்கப்போகிறாயா என்று அம்மா திட்டுகிறார்."
— வாசகர், சூரமங்கலம்

தம்பி, முதலில் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வகுப்பில் முட்டி போடச் சொன்னால் உடம்பின் பாரம் அத்தனையும் முட்டிச் சில்லு வழியாகச் சிமென்ட் தரையில் இறங்கும். இந்த நாற்காலியில் அப்படி இல்லை. முன்பக்கம் சரிந்த ஒரு இருக்கை இருக்கும், பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல்தான். ஆள் முன்னால் வழுக்கிவிடாமல் தடுக்கத்தான் கீழே இன்னொரு மெத்தை. அதில் முட்டி படியாது. முட்டிக்குக் கீழே, கெண்டைக்காலுக்கு முன்பக்கம் இருக்கிற எலும்பு படியும். ஆகவே அது மண்டியிடுவதும் இல்லை, சாதாரணமாக உட்காருவதும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காரியம் செய்து பாருங்கள். எழுந்து நின்று, ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் உள்ளங்கையைக் கீழ் முதுகில் வையுங்கள். உள்ளே குழிந்த ஒரு வளைவு கைக்குத் தட்டுப்படும். கையை எடுக்காமல் அப்படியே நாற்காலியில் உட்காருங்கள். குழி நிரவிவிட்டது, இல்லையா? சிலருக்கு அந்த இடம் வெளியே பிதுங்கவே செய்யும். உங்கள் வலி அங்கேதான் தொடங்குகிறது. தொடை மேலே மடங்க மடங்க, புட்டத் தசையும் பின்தொடைத் தசையும் இடுப்பெலும்பைப் பின்னால் சுருட்டி இழுக்கின்றன. இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்தால் அதன்மேல் நிற்கிற முதுகெலும்புக்கு வேறு வழியில்லை, அதுவும் வளைந்தாக வேண்டும். "நிமிர்ந்து உட்கார்" என்று எத்தனை பேர் அதட்டினாலும் ஐந்து நிமிடத்தில் முதுகு திரும்பவும் வளைவது இதனால்தான். அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லாதீர்கள்.

1953இல் கீகன் என்ற அமெரிக்க மருத்துவர் ஆட்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, தொடையை வெவ்வேறு கோணத்தில் மடக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். உடம்புக்கும் தொடைக்கும் நடுவில் ஏறக்குறைய 135 டிகிரி இருக்கும்போது முன்தசை, பின்தசை இரண்டும் இழுபறி இல்லாமல் ஓய்வாக இருப்பதையும், 90 டிகிரிக்கு மடக்கும்போது கீழ் முதுகின் வளைவு தட்டையாகிவிடுவதையும் படமாகவே காட்டினார். டென்மார்க்கில் மண்டால் என்ற அறுவை மருத்துவர், இருக்கை முன்பக்கம் சரிய வேண்டும், மேசை உயர வேண்டும் என்று வருடக்கணக்கில் வாதாடினார். நார்வேயில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மெங்ஷோல் என்பவர், சரிந்த இருக்கைக்கு முன்னால் காலுக்கு ஒரு மெத்தை என்ற யோசனையைக் கொண்டுவந்தார். 1979இல் அதே நாட்டின் பீட்டர் ஓப்ஸ்விக் வடிவமைத்த நாற்காலிதான் இன்றைக்கும் பலரும் பார்த்து நகல் எடுக்கிற மாதிரி. அதற்குச் சக்கரம் கிடையாது. அடியில் இரண்டு வளைந்த மரச்சட்டம் மட்டும்தான். ஆள் முன்னால் சாய்ந்தால் நாற்காலியும் முன்னால் வரும், பின்னால் சாய்ந்தால் பின்னால் போகும்.

படிக்கிற காலத்தில் இதையெல்லாம் தெரிந்துகொண்டபோது என் கண்ணில் நின்றது அப்பாவின் தறிக்குழி. அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் பாதியைத் தறிதான் பிடித்திருந்தது. அப்பா குழியின் விளிம்பில் ஒரு பலகை போட்டு உட்காருவார். கால் இரண்டும் குழிக்குள்ளே மிதியில் இருக்கும். பலகைக்கு அடியில், பின்பக்கமாக மட்டும், நாலாக மடித்த சாக்கு ஒன்றை வைப்பார். காலையில் பாவைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் செய்கிற இரண்டாவது வேலை அந்தச் சாக்கைச் சரி செய்வதுதான். யாராவது அதை எடுத்துவிட்டால், உட்கார்ந்த உடனே கண்டுபிடித்துவிடுவார். "எவ எடுத்தது?" என்று குரல் வரும். பலகை குழியைப் பார்த்துச் சரிந்திருக்கும், தொடை கீழ்நோக்கி இறங்கும், இடுப்பு தானாக நிமிரும். கோணத்தை அளக்காமலே அவர் உடம்பு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. குனிந்து இழை பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்து வலி வந்தது, கடைசிவரை இருந்தது. தோள் வலியும் உண்டு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்து நான் பார்த்ததில்லை. ஒரு மனிதரை வைத்து எல்லாத் தறிக்காரர்களுக்கும் சொல்லிவிட முடியாது, அவர்களில் இடுப்பு வலிக்காரர்கள் என்னிடம் நிறையவே வருகிறார்கள். ஆனால் முதுகை நிமிர்த்துவது இடுப்பெலும்பின் சாய்வு என்பதை நான் புத்தகத்துக்கு முன்னாலேயே அந்தச் சாக்கில் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். உடனே எட்டாயிரத்தைச் செலவழிக்காதீர்கள். ஒரு வாரம் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள். வீட்டில் இருக்கிற மர நாற்காலியில், இருக்கையின் பின்பாதியில் மட்டும் ஒரு பெட்ஷீட்டை இறுக்கமாக மடித்து வையுங்கள். பின்பக்கம் நாலு விரல் உயரம், முன்னால் வர வரக் குறைய வேண்டும். முன்விளிம்புக்குத் தள்ளி உட்கார்ந்து, பாதம் தரையில் முழுசாகப் பதிகிற மாதிரி காலைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். முட்டி இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. நாளைக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். வாரக் கடைசியில் அந்த பெல்ட் வலி கொஞ்சமாவது தளர்ந்திருந்தால், உங்கள் முதுகுக்கு இந்தக் கோணம் பிடித்திருக்கிறது. அப்போது நாற்காலி வாங்குவதில் அர்த்தம் உண்டு. ஒரு மாற்றமும் இல்லையென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, பணம் மிச்சம்.

வாங்கினால் எப்படி உட்காருவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் முதல் நாள் செய்த தவறு, முட்டியை முதலில் மெத்தையில் வைத்து ஏறப் பார்த்தது. நாற்காலி முன்னால் கவிழ வந்தது, மேசையைப் பிடித்துத் தப்பித்தேன். முதலில் இருக்கையில் உட்கார வேண்டும். கை மேசையில் இருக்கட்டும். அப்புறம் ஒவ்வொரு காலாக மடக்கி மெத்தையில் சாய்க்க வேண்டும். எழும்போது இதையே தலைகீழாகச் செய்யுங்கள், ஒரு காலை வெளியே எடுத்துத் தரையில் ஊன்றிய பிறகு மற்றது. அன்றைக்கு ஆர்வத்தில் ஒரு மணி நேரம் எழாமல் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் இரண்டு காலிலும் சுடிதார்த் தையல் அச்சாகப் பதிந்து, எலும்பின் மேல் சிவந்த கோடு. விரலால் அழுத்தினால் வலித்தது, மறுநாள் மதியம் வரை அந்த வலி போகவில்லை. ஆகவே முதல் வாரம் ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. அடுத்த வாரம் இருபது இருபத்தைந்து. பழகின பிறகும் ஒரே இருப்பில் முக்கால் மணியைத் தாண்டாதீர்கள். நானே இன்றைக்கு வரைக்கும் தாண்டுவதில்லை. கால் மரத்தாலோ விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தாலோ நேரம் பார்க்காமல் எழுந்துவிட வேண்டும்.

இன்னொன்று. இந்த நாற்காலிக்கு முதுகுச் சாய்மானம் கிடையாது. தசை களைத்த பிறகு இதிலும் கூனலாம், நன்றாகவே கூனலாம். அதனால் உங்கள் பழைய நாற்காலியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அரை மணி இதில், ஒரு மணி அதில், போன் வந்தால் நின்றுகொண்டு பேசுவது என்று மாற்றி மாற்றி வேலை செய்யுங்கள். மாறிக்கொண்டே இருக்கிற உடம்புதான் வலிக்காமல் இருக்கிறது. நான் இத்தனை வருடத்தில் உறுதியாக நம்புவது இதை மட்டும்தான்.

லேப்டாப்பை அப்படியே மேசையில் வைத்துவிட்டு எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கழுத்து தொங்கும். அதன் அடியில் நாலைந்து தடித்த புத்தகம் வைத்து, திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். கீபோர்டும் மவுசும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், அது நாற்காலியைவிட முக்கியம். முழங்கையை மடக்கினால் முன்கை மேசைக்கு மட்டமாகப் படிய வேண்டும். டைனிங் டேபிள் பெரும்பாலும் 30 அங்குல உயரம் இருக்கும். தோள் மேலே தூக்கிக்கொண்டு தட்டச்சு செய்கிறீர்கள் என்றால் இருக்கையை உயர்த்துங்கள்.

வலி பின்தொடை வழியாகக் காலுக்கு இறங்கினாலோ, கால் வலுவிழந்தாலோ நாற்காலியை மறந்துவிட்டு டாக்டரிடம் திரும்பப் போங்கள். தொடைக்கு நடுவே உணர்ச்சி குறைந்தால், சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தால், அன்றைக்கே போக வேண்டும். இரவு என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

"அக்கா, ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸில் ரைட்டராக இருக்கிறேன். வயசு 49. மஸ்டர் ரோல், சம்பளக் கணக்கு, மிளகு எடைக் கணக்கு எல்லாம் நோட்டில்தான் எழுதணும். பழம் பறிக்கிற மாசங்களில் நாள் பூராவும் குனிந்தபடியேதான். மார்கழிக் குளிரில் முதுகு பலகை மாதிரி பிடித்துக்கொள்கிறது. படி இறங்கினால் முட்டியும் வலிக்கிறது, எழும்போது கடகடவென்று சத்தம் வேறு. மகள் அந்த நாற்காலியை ஆர்டர் போடப்போகிறேன் என்கிறாள். புடவையில் அதில் உட்கார முடியுமா?"
— வாசகி, ஏற்காடு

மகளிடம் இன்றைக்கே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புடவை இரண்டாவது காரணம், முட்டிதான் முதல் காரணம்.

படி இறங்கும்போது வலிக்கிற முட்டியை, 90 டிகிரிக்கு மேல் மடக்கி, அதற்குக் கீழே அழுத்தமும் கொடுத்து மணிக்கணக்கில் வைப்பது நல்லதில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், காலில் நரம்பு சுருண்டவர்கள், நிறைமாதக் கர்ப்பிணிகள் யாருக்கும் நான் இந்த நாற்காலியைச் சொல்வதில்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கும் கூடாது. மெத்தை அழுத்திப் புண்ணாவது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. புடவையைப் பொறுத்தவரை, கொசுவம் முழுவதும் காலுக்கும் மெத்தைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அவசரமாக எழுந்தால் தடுக்கும். கிளினிக்கில் என் உதவியாளர் அப்படித் தடுக்கி மேசை முனையில் நெற்றியை இடித்துக்கொண்டார்.

ஆனால் நாற்காலி வேண்டாம் என்றேனே தவிர, அந்தக் கோணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை நீங்கள் வேறு வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஆபீஸில் மர நாற்காலிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். எஸ்டேட்டில் சில்வர் ஓக் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஒன்றரை அங்குல உயரத்தில் இரண்டு கட்டை அறுத்துத் தரச் சொல்லுங்கள். நாற்காலியின் பின்கால் இரண்டும் உட்காருகிற மாதிரி மேலே குழி வெட்டி, அடியில் பழைய சைக்கிள் டியூபை ஒட்டச் சொல்லுங்கள், வழுக்காது. இருக்கை மெல்ல முன்னால் சாயும். பிளாஸ்டிக் நாற்காலியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கால் விரிந்து உடைந்துவிடும்.

அப்புறம் அந்த நோட்டு. உங்களைக் குனிய வைப்பது நாற்காலியைவிட மேசையில் மட்டமாகக் கிடக்கிற அந்த நோட்டுதான். சின்ன வயதில் அப்பாவோடு லீ பஜாருக்குப் போகும்போது மண்டிக் கணக்கர்கள் சாய்வு மேசை வைத்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். மேல்பலகை எழுதுபவரைப் பார்த்துச் சரிந்திருக்கும். அவர்கள் நோட்டைத் தேடிக் குனியவில்லை, நோட்டு அவர்களைத் தேடி மேலே வந்தது. ஒரு பிளைவுட் பலகையின் மேல்விளிம்புக்கு அடியில் மூன்று நான்கு அங்குலத்துக்கு எதையாவது முட்டுக் கொடுங்கள், கீழ்விளிம்பில் நோட்டு நழுவாமல் ஒரு ரீப்பர் அடியுங்கள். ஒரு நாள் எழுதிப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

குளிருக்கு, காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் வெந்நீர்ப் பை. முட்டிக்கு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, தொடையின் முன்தசையை இறுக்கி, மனசுக்குள் பத்து எண்ணி இறக்குங்கள். காலுக்குப் பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. மூன்று வாரத்தில் படி கொஞ்சம் சுலபமாகும். ஆகாவிட்டால், முட்டி வீங்கினால், ஒரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

"நீங்கள் போன வருஷம் ஒரு கூட்டத்தில் சொன்னதைக் கேட்டு நீலிங் சேர் வாங்கினேன். எனக்கு நன்றாக இருக்கிறது. மனைவி உட்கார்ந்தால் மட்டும் முட்டி வலிக்கிறது என்கிறார். அவருக்கு முட்டியில் இதுவரை எந்தக் கோளாறும் இல்லை. நான் ஐந்தடி பத்து, அவர் ஐந்தடி."
— வாசகர், அஸ்தம்பட்டி

உயரத்தை எழுதியதற்கு நன்றி, பதில் அதிலேயே இருக்கிறது. உங்கள் தொடை நீளத்துக்குச் சரியாக இருக்கிற இடைவெளி அவருக்கு அதிகம். இருக்கையில் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் அவர் முட்டி மெத்தையின் நடுவில் வந்து விழும், சில்லு அழுந்தும். முன்னால் நகர்ந்தால் இருக்கையின் நுனியில் தொற்றிக்கொண்டு இருப்பார். மெத்தையை இருக்கையின் பக்கம் நகர்த்த முடிகிற நாற்காலி என்றால், அவர் உட்காரும்போது நகர்த்திக்கொள்ளுங்கள். நகராத வகை என்றால் அது உங்களுடைய நாற்காலி மட்டும்தான். அவரைப் பழகிக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

"கொலுசுப் பட்டறையில் மணி பற்றவைக்கிற வேலை. பதினைந்து வருஷமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் செய்கிறோம். நாற்காலிக்கெல்லாம் இடமும் இல்லை, பழக்கமும் இல்லை. தரையில் உட்காருவது உடம்புக்கு நல்லது என்கிறார்களே, அப்புறம் ஏன் எல்லாருக்கும் இடுப்பு வலிக்கிறது?"
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அண்ணா, தரையில் உட்கார்ந்து எழுவது நல்லது. எழாமல் உட்கார்ந்தே இருப்பதுதான் சிக்கல். வெறும் தரையில் சம்மணம் போட்டால் நிறைய பேருக்கு முட்டி இடுப்பைவிட உயரத்தில் நிற்கும். அப்போது இடுப்பெலும்பு பின்னால் உருண்டுவிடும், மேலே சொன்ன அதே கதைதான். கல்யாண வீட்டில் மணை போடுகிறோமே, அதுபோல நாலு அங்குல உயரத்தில் ஒரு மணையில் உட்காருங்கள். முன்விளிம்பில் உட்கார வேண்டும், முட்டி இரண்டும் தரையை நோக்கி இறங்க வேண்டும். வேலை வைக்கிற பலகையையும் அதே அளவு உயர்த்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகக் குனிவீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிப் பின்னால் மெல்ல வளையுங்கள். பட்டறையில் ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவது என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் கூச்சம் இருக்காது.

"மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். படிக்கும்போது கேள்விக்குறி மாதிரி வளைந்து உட்காருகிறான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. இந்த நாற்காலி வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா மேடம்?"
— வாசகி, கொண்டலாம்பட்டி

சொல்வதை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. அவன் வேண்டுமென்றே வளையவில்லை. மண்டால் என்ற டென்மார்க் மருத்துவரைப் பற்றி மேலே எழுதினேன் அல்லவா, அவர் கவலைப்பட்டது உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகளுக்காகத்தான். பிள்ளை வளர்ந்துகொண்டே போகிறான், மேசை அதே உயரத்தில் நிற்கிறது. புத்தகம் எங்கோ கீழே கிடக்கிறது, கண் அதைத் தேடிப் போகிறது, கண் போகிற பக்கம் முதுகு போகிறது. முதலில் மேசையின் நாலு காலுக்கும் அடியில் கட்டை வைத்து உயர்த்துங்கள். ஏற்காட்டு வாசகிக்குச் சொன்ன சாய்வுப் பலகை இவனுக்கும் பொருந்தும். நீலிங் சேர் அவனாக ஆசைப்பட்டால் பார்க்கலாம், தண்டனை போலக் கொடுத்தால் ஒரு வாரத்தில் அது துணி காயப்போடுகிற இடமாகிவிடும்.

ஒரு முறை மட்டும் நீங்கள் சோதிக்க வேண்டியது உண்டு. சட்டையைக் கழற்றிவிட்டு, கால் இரண்டையும் சேர்த்து, கையைத் தொங்கவிட்டு அவனை முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மட்டும் மேடாகத் தெரிந்தால், அல்லது குப்புறப் படுத்தாலும் மேல் முதுகின் கூனல் நிமிராமல் விறைப்பாகவே இருந்தால், தள்ளிப்போடாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அது உட்காரும் பழக்கத்தால் வருவது இல்லை, வளர்கிற வயதிலேயே கவனிக்க வேண்டியது.

"நான் தச்சு வேலை செய்கிறேன். இரண்டு பேர் இந்த நாற்காலி செய்து தரச் சொல்லி போனில் படம் காட்டுகிறார்கள். படத்தை வைத்து அளவு பிடிபடவில்லை. உங்களிடம் ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அளவு கொடுக்க முடியுமா?"
— வாசகர், கன்னங்குறிச்சி

படத்தைப் பார்த்து உடனே செய்து தள்ளாமல் அளவு கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகவே டேப்பை எடுத்து உட்கார்ந்தேன். என்னுடையது ஐந்தடி இரண்டு அங்குல ஆளுக்குப் பொருந்துகிற நாற்காலி என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இருக்கை 18 அங்குல அகலம், 14 அங்குல ஆழம். பின்விளிம்பு முன்விளிம்பைவிட 4 அங்குலம் உயரம். இதைவிடச் சரித்தால் ஆள் வழுக்கி, காலின் மேல் பாரம் ஏறும். குறைத்தால் இந்த நாற்காலி செய்வதற்கே அர்த்தமில்லை. இருக்கையின் நடுப்பகுதி தரையிலிருந்து 20 அங்குலம். கால் மெத்தை 18 அங்குல அகலம், 8 அங்குல ஆழம், நடுப்பகுதி தரையிலிருந்து 11 அங்குலம். அது இருக்கைக்கு எதிர்ப்பக்கமாகச் சரிய வேண்டும், அதாவது முட்டி வருகிற முன்விளிம்பு உயரம், பாதம் போகிற பின்விளிம்பு தாழ்வு. படத்தில் பலருக்கும் புரியாமல் போவது இந்தச் சரிவுதான்.

இருக்கைக்கும் கால் மெத்தைக்கும் உள்ள இடைவெளியை நிலையாக அடித்துவிடாதீர்கள். அஸ்தம்பட்டிக்காரர் வீட்டுக் கதையை மேலே படித்திருப்பீர்கள். மெத்தையைத் தாங்குகிற சட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு துளை வீதம் ஐந்து துளை போட்டு, போல்ட்டும் சிறகு நட்டும் வைத்து முன்பின் நகர்கிற மாதிரி செய்யுங்கள். சட்டத்துக்குத் தேக்கோ வேங்கையோ போடுங்கள். ஆள் ஏறும்போதும் இறங்கும்போதும் மூட்டுகள் எல்லாப் பக்கமும் முறுக்கப்படும், அதனால் ஆணியையும் பசையையும் மட்டும் நம்ப வேண்டாம். அடிச்சட்டம் முன்னால் மெத்தையைத் தாண்டியும் பின்னால் இருக்கையைத் தாண்டியும் நீள வேண்டும், இல்லாவிட்டால் என்னைப் போலத் தெரியாமல் முட்டியை முதலில் வைக்கிறவர்களோடு நாற்காலி கவிழும். இருக்கைக்கு அடியில் பாதம் இரண்டும் தாராளமாகப் போய்வர இடம் விடுங்கள், அங்கே குறுக்குச் சட்டம் கொடுத்தால் கால்விரல் அதில் இடிக்கும்.

ஃபோம் மூன்று அங்குலம், அழுத்தினால் உள்ளே பலகை தட்டாத அளவுக்குக் கெட்டியாக. மெத்தென்று இருக்கிற ஃபோம் கடையில் சுகமாகத் தெரியும், பத்து நாளில் எலும்பு பலகையில் உட்காரும். மேலே ரெக்ஸின் போட்டால் சித்திரை வெயிலில் கால் வியர்த்து ஒட்டிக்கொள்கிறது. கழற்றித் துவைக்கிற மாதிரி கெட்டிப் பருத்தித் துணியில் உறை தைத்துக் கொடுங்கள். நம் ஊர் ஜமுக்காளத் துணி இதற்கு அருமையாக இருக்கும், என் நாற்காலிக்கு நான் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

வார்னிஷ் அடிப்பதற்கு முன்னால், வாங்கப்போகிறவரையே வரவழைத்து வெறும் ஃபோமை வைத்து உட்காரச் சொல்லுங்கள். பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். முட்டிச் சில்லு மெத்தையின் முன்விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். தாண்டாவிட்டால் மெத்தையை ஒரு துளை பின்னால், இருக்கைப் பக்கமாகத் தள்ளிப் பூட்டி, மறுபடி உட்கார வைத்துப் பாருங்கள்.